அத்தானுக்கு வாக்காளர் அட்டை போதும், உங்களுக்குப் போதாது

வாசகர் கேள்வி:

ஐயா, நாங்கள் மலைநாட்டுக்காரர். இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறோம். போன வருடம் அப்பா தவறிவிட்டார். அம்மாவுக்கு 74 வயது. கயாவில் அப்பாவுக்குப் பிண்டம் போட வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். அம்மாவின் அண்ணன் குடும்பம் 1971இல் இந்தியாவுக்குப் போய் இப்போது கோத்தகிரியில் இருக்கிறது. மாமா மகன், எனக்கு அத்தான் முறை, புரட்டாசியில் ஒரு கோஷ்டியோடு காசி, கயா போய், அங்கிருந்து பஸ்ஸிலேயே நேபாளம் போய் பசுபதிநாதரையும் முக்திநாத்தையும் கும்பிட்டுவிட்டு வருகிறாராம். அம்மா, நான், மகள் மூவரையும் கூப்பிடுகிறார். "நேபாளத்துக்குப் பாஸ்போர்ட்டே வேண்டாம், நாங்க வோட்டர் ஐடியோடதான் போறோம். நீங்க மெட்ராஸ் வரைக்கும் வந்துட்டாப் போதும், அதுக்கப்புறம் உங்க அடையாள அட்டையக் காட்டிப் போயிடலாம்" என்கிறார். அம்மாவோ "எங்க தாத்தா எந்தப் பாஸ்போர்ட்டோட வந்தாரு?" என்று கேட்கிறார். அம்மாவின் பாஸ்போர்ட் 2018இல் முடிந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. மகளுக்கு இதுவரை பாஸ்போர்ட் எடுக்கவில்லை, ஜூலையில் 16 வயது முடிகிறது. கணவர் கட்டாரில் வேலை. சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளுக்குள் விசாவே இல்லை என்றும் ஒருவர் சொன்னார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அத்தான் பொய் சொல்லவில்லை. அவருக்கு உள்ள வசதியை உங்களுக்கும் இருப்பதாக நினைத்துவிட்டார். நீங்கள் மூவரும் நம் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு நேபாளத்துக்குள் கால் வைக்க முடியாது. மூவருக்கும் தனித்தனிப் பாஸ்போர்ட் வேண்டும், இந்திய விசா வேண்டும், நேபாள விசாவும் வேண்டும். இது முடியாத காரியமில்லை. புரட்டாசிக்கு நாள் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் பயண முகவராக 28 வருடம் இருந்துவிட்டேன். இந்தப் பேச்சைக் கேட்காத வருடமே இல்லை. ஒரே குடும்பம், ஒரே குலதெய்வம், ஒரே பஸ். அதனால் தாளும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அத்தான் ஏன் வாக்காளர் அட்டையோடு போகிறார் என்றால், 1950 ஜூலை 31இல் இந்தியாவும் நேபாளமும் காத்மண்டுவில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் 7ஆம் பிரிவில், ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் தங்கவும் தொழில் செய்யவும் போய்வரவும் ஒரேமாதிரியான சலுகை தருவதாக இரண்டு அரசுகளும் ஒத்துக்கொண்டிருக்கின்றன. 1,700 கிலோமீற்றருக்கு மேல் நீளமான அந்த எல்லையில் இரண்டு நாட்டு மக்களும் சந்தைக்குப் போவதுபோல் போய்வருகிறார்கள். அந்தச் சலுகை இந்தியர்களுக்கும் நேபாளிகளுக்கும் மட்டும்தான். இந்தியாவில் நிற்கும் எல்லோருக்கும் அது கிடைக்காது. நீங்கள் சென்னையில் இறங்கினாலும் இலங்கையர்தான், கயாவில் பிண்டம் போட்டாலும் இலங்கையர்தான்.

அத்தானிடம் ஒன்று சொல்லுங்கள். கோஷ்டியில் யாராவது ஆதார் அட்டையை மட்டும் கொண்டுவர நினைத்திருந்தால் அது 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும்தான் செல்லும். நடுவில் உள்ள வயதுக்காரர் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வைத்திருக்க வேண்டும். மாமா வருகிறார் என்றால் அவருக்கு ஆதார் போதும், அத்தானுக்குப் போதாது.

உங்கள் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன், அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. தாத்தா எந்தப் பாஸ்போர்ட்டோடு வந்தார்? எந்தப் பாஸ்போர்ட்டும் இல்லை, அம்மா சொல்வது சரி. இலங்கையின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1948இன் 20ஆம் இலக்கச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 1949 நவம்பர் 1ஆம் திகதி. பாஸ்போர்ட் கொடுக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் தொடங்கியதும் அன்றுதான். அதற்கு முன் தோட்டத்துக்கு வந்தவர்கள் பாஸ்போர்ட் இல்லாமல்தான் வந்தார்கள். ஆனால் தாளே இல்லாமல் வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். மண்டபம் முகாமில் தங்கவைத்து நோய் பார்த்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். தோட்டத்தின் இலக்கம் பொறித்த ஒரு தகரத் துண்டைக் கையில் கொடுத்து அனுப்பிய காலமும் உண்டு. அந்தத் தகரத்தைப் பார்த்து, ஆள் எந்தத் தோட்டத்துக்குச் சொந்தம் என்று கண்டுகொள்வார்கள். அதைவிட இன்றைய பாஸ்போர்ட் எவ்வளவோ மரியாதையான பொருள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

1914இலிருந்து கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயில் ஏறி மெட்ராஸ் போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். போட் மெயில் என்று சொன்னால் அம்மாவின் முகம் மாறும், பாருங்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதே வருடம் ஒக்டோபர் 30இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று பங்கு பிரித்தார்கள். பிறகு 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தியப் பக்கம் விழுந்தவர் உங்கள் மாமா. 1971இல் தலைமன்னாரில் கப்பல் ஏறிய நாளில் அவர் கையில் இருந்திருக்கக்கூடியது இந்தியப் பாஸ்போர்ட். தங்கை இங்கே நின்றார். நீலகிரிக்குப் போனவர்களுக்கென்றே 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. கொழுந்து பறித்தவர்கள் அங்கேயும் போய்க் கொழுந்துதான் பறித்தார்கள். இன்றைக்கு அண்ணன் மகன் வாக்காளர் அட்டையைக் காட்டி எல்லை தாண்டுவதற்கும், தங்கை மகள் பாஸ்போர்ட் வரிசையில் நிற்பதற்கும் காரணம் அந்தப் பங்குதான். அத்தானிடம் விளக்கம் சொல்ல வேண்டி வந்தால் இதைச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனிக் காரியத்துக்கு வருவோம். பயணத் தாள்களைத் திட்டமிடும்போது எல்லோரும் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து தொடங்குவார்கள். நான் கடைசி எல்லையிலிருந்து பின்னோக்கி வரச் சொல்வேன். உங்கள் பயணத்தில் இக்கட்டான இடம் நேபாளத்துக்குள் போவது அல்ல, நேபாளத்திலிருந்து இந்தியாவுக்குத் திரும்பி வருவது. ஒருமுறை இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டால், மறுபடி நுழைய உங்கள் விசாவில் இடம் இருக்க வேண்டும். ஒரு தடவை நுழைவுக்கான விசாவோடு போனவர்கள் காத்மண்டுவில் மாட்டிக்கொண்டு அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கு அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஈ-விசா. நம் நாட்டவருக்கு இந்த ஒன்லைன் வசதி 2015 சித்திரைப் புத்தாண்டோடு வந்தது. 30 நாள் சுற்றுலா ஈ-விசாவில் இரண்டு தடவை நுழையலாம், ஒரு வருட, ஐந்து வருட ஈ-விசாவில் பல தடவை. ஆனால் ஈ-விசாவுக்கென்று குறித்த வாசல்கள் உண்டு. அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பவை விமான நிலையங்களும் சில துறைமுகங்களும்தான். வெளியேறும்போது குடிவரவுச் சாவடி உள்ள எந்த எல்லையாலும் வெளியேறலாம், உள்ளே வரும்போதுதான் இந்தக் கட்டுப்பாடு. சென்னையில் இறங்குவதில் சிக்கல் இல்லை, பஸ்ஸில் நேபாளத்துக்குப் போவதிலும் இல்லை. திரும்பிப் பஸ்ஸில் வருவதில்தான் சிக்கல் இருக்கிறது.

மற்றது, பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் வழமையான விசா. கொழும்பிலுள்ள இந்திய விசா விண்ணப்ப நிலையத்தில் கொடுத்து எடுக்க வேண்டும். விண்ணப்பத்திலேயே பல தடவை நுழைவு என்று கேட்டு, பயணத் திட்டத்தையும் இணைத்து, நேபாளம் போய்த் திரும்புவதை வெளிப்படையாக எழுதுங்கள். நேரம் கூடுதலாக எடுக்கும், ஆனால் எந்த எல்லையிலும் நெஞ்சு படபடக்காது.

என் யோசனை வேறு. அம்மாவுக்கு 74 வயது. முக்திநாத் போய் இறங்கிய களைப்போடு காத்மண்டுவிலிருந்து மறுபடி எல்லை வரைக்கும் மலைப்பாதையில் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வருவது எதற்கு? நீங்கள் மூவரும் காத்மண்டுவில் கோஷ்டியிடம் விடைபெற்றுக்கொண்டு டெல்லிக்கு விமானத்தில் வாருங்கள். டெல்லி ஈ-விசா வாசல். அப்படியென்றால் 30 நாள் ஈ-விசாவே போதும். டிக்கெட் காசு கூடத்தான், ஆனால் இடுப்புக்கு வைத்தியம் பார்ப்பதைவிடக் குறைவு. அத்தான் குறை சொன்னால் என் தலையில் போடுங்கள்.

இப்போது எல்லையைப் பற்றி. இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

கயா, காசி பார்த்துவிட்டு நேபாளம் போகும் பஸ்கள் பெரும்பாலும் கோரக்பூர் போய், அங்கிருந்து 100 கிலோமீற்றர் அளவில் சோனௌலி என்ற எல்லை ஊருக்குப் போகும். எல்லைக்கு அந்தப் பக்கம் பெலஹியா. நடுவில் ஒரு வளைவு, லொறிகள், ரிக்‌ஷாக்கள், மூட்டை தூக்குபவர்கள், தேநீர்க் கடைகள். நம் ஆட்கள் கட்டுநாயக்க மாதிரி ஒரு பெரிய கட்டடத்தை எதிர்பார்ப்பார்கள். இந்தியக் குடிவரவு அலுவலகம் கடை வரிசையோடு கலந்து நிற்கும், பஸ் வேகத்தில் போனால் கண்ணில் படாது. இந்தியப் பயணிகளுக்கு அங்கே முத்திரை எதுவும் தேவையில்லை. அதனால் இந்தியர் நிறைந்த பஸ்ஸின் சாரதி அங்கே நிறுத்த மாட்டார். நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது.

பல வருடங்களுக்கு முன் 30 பேர் போன ஒரு கோஷ்டியில் இங்கிருந்து ஆறு பேரைச் சேர்த்து அனுப்பினேன். விசா எல்லாம் சரியாக எடுத்துக் கொடுத்தேன். எல்லையில் இறங்கி முத்திரை போட வேண்டும் என்பதை அந்த ஆறு பேருக்கும் அழுத்திச் சொல்லவில்லை, பஸ் நடத்துபவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். பஸ் நேரே உள்ளே போய்விட்டது. ராத்திரி லும்பினியில் விடுதிக் கணக்கப்பிள்ளை பாஸ்போர்ட்டை விரித்துப் பார்த்துவிட்டு, நேபாள விசா எங்கே என்று கேட்டிருக்கிறார். விசா மட்டுமல்ல, இந்தியாவை விட்டு வெளியேறிய முத்திரையும் இல்லை. தாள் கணக்கில் ஆறு பேரும் இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள், ஆள் மட்டும் நேபாளத்தில். மறுநாள் விடிய வான் பிடித்து எல்லைக்குத் திரும்பி, இரண்டு பக்கமும் கைகட்டி நின்று, ஏச்சு வாங்கி முத்திரை போட்டுக்கொண்டு வந்தார்கள். அன்று பிற்பகல் வரைக்கும் கொழும்பில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காத்மண்டு போன பிறகு தெரியவந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கோரக்பூரில் பஸ் ஏறும்போதே சாரதியிடமும் கோஷ்டித் தலைவரிடமும், "நாங்கள் மூன்று பேர் வெளிநாட்டுப் பாஸ்போர்ட், சோனௌலியில் இமிகிரேஷனில் நிறுத்த வேண்டும்" என்று சொல்லுங்கள். முடிந்தால் ஹிந்தி தெரிந்தவரைக் கொண்டு சொல்ல வையுங்கள். இறங்கி இந்தியப் பக்கத்தில் வெளியேறும் முத்திரை. பிறகு நடந்து வளைவைத் தாண்டி நேபாளப் பக்கத்தில் படிவம் நிரப்பி விசாவும் நுழைவு முத்திரையும். கையில் இரண்டு மூன்று பாஸ்போர்ட் அளவுப் படங்கள் இருக்கட்டும். முத்திரையில் திகதி சரியாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள், பஸ்ஸுக்குள் ஏறிய பிறகு பார்ப்பதில் பிரயோசனமில்லை. எல்லையைப் பகலில் கடக்கும்படி திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். எல்லை தாண்டியதும் கடிகாரத்தைக் கால் மணி முன்னே தள்ளிக்கொள்ள வேண்டும், நேபாளத்துக்கு அப்படி ஒரு நேரம்.

நம் நாட்டுப் பௌத்தர்கள் தம்பதிவ யாத்திரை என்று புத்தர் வாழ்ந்த தலங்களுக்குப் போகும்போது இதே சோனௌலி வழியாகத்தான் லும்பினி போகிறார்கள். அவர்களுக்கு இந்தச் சங்கடம் வருவதில்லை. பஸ் முழுவதும் இலங்கைப் பாஸ்போர்ட் என்பதால் வழிகாட்டிக்குப் பழகிவிட்டது. உங்கள் பஸ்ஸில் நீங்கள் மூவர்தான் அந்நியர். சொந்தக்காரர்களோடு போகிறோம் என்ற நினைப்பு மனதில் இருக்கலாம், எல்லையில் அதை மறந்துவிடுங்கள்.

நேபாள விசாவைப் பற்றி ஒரு நல்ல செய்தி. சார்க் நாட்டவர்களுக்கு, ஆப்கானிஸ்தான் நீங்கலாக, ஒரு வருடத்தில் முதல் தடவை போகும்போது 30 நாள் விசா கட்டணமின்றி எல்லையிலேயே கிடைக்கும். காசு இல்லை என்பதைத்தான் யாரோ உங்களிடம் விசாவே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அல்லது சார்க் விசா விலக்குத் திட்டத்தைக் கேள்விப்பட்டிருக்கலாம். அது 1992இல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. நீதியரசர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், பத்திரிகையாளர்கள், விளையாட்டு வீரர்கள், வர்த்தகர்கள் என்று 24 வகையினருக்கு மட்டும். பிண்டம் போடப் போகிறவர்கள் அந்த வகையில் சேரவில்லை.

முக்திநாத் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது, அதற்கு அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். அதில் சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபா, மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. உங்களையும் வெள்ளைக்காரர் கணக்கில் போட்டால் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சொல்லுங்கள். கோயில் 3,700 மீற்றருக்கு மேல் இருக்கிறது. நம் நாட்டின் மிக உயரமான மலை பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். அம்மாவைக் கூட்டிப்போகும் முன் இதய வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வைத்தியர் வேண்டாம் என்றால் பசுபதிநாதரோடு நிறுத்திக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

இனிப் பாஸ்போர்ட். முதலில் அம்மாவுடையது, ஏனென்றால் அதற்குத்தான் நேரம் எடுக்கும்.

2018இல் முடிந்த அந்தப் பழைய பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? அது முடிந்துவிட்டாலும் பெறுமதி முடியவில்லை. அம்மா இந்த நாட்டுப் பிரஜை என்று திணைக்களம் ஏற்கெனவே ஒருமுறை ஒத்துக்கொண்டதற்கு அது சாட்சி. மலையகத்தில் பிறந்த அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழைவிடப் பிரஜாவுரிமைச் சான்றிதழ்தான் முக்கியமான தாள். வீட்டில் தகரப் பெட்டிக்குள் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மூலப் பிரதியையே கொண்டுபோங்கள், கொப்பியை மட்டும் நம்ப வேண்டாம். கொப்பி இரண்டு எடுத்து வேறு இடத்திலும் வையுங்கள்.

பெயர்ச் சிக்கல் மலையகத்துக்குப் புதிதல்ல. தோட்டத்து ஒப்பீஸில் கிளாக்கர் காதில் விழுந்ததை எழுதினார். மாரியாயி மாரியம்மாவானதும், அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து குறைந்ததும் அப்படித்தான். என் கணக்கு இது: அடையாள அட்டையிலும் பழைய பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒரேமாதிரி இருந்து, பிறப்புச் சான்றிதழில் மட்டும் சின்ன எழுத்து வித்தியாசம் என்றால், சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு கொண்டுபோனால் பெரும்பாலும் காரியம் நடக்கும். பெயரே வேறாக இருந்தால், அல்லது பிறந்த திகதி மாறியிருந்தால், சத்தியக் கடதாசியை நம்பி வரிசையில் நிற்காதீர்கள். பிறப்புப் பதிந்த பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்குக் கொடுங்கள். அது நாள் எடுக்கும் வேலை, ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். பதிவே கிடைக்கவில்லை என்றால் அதற்கும் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒரு வழி இருக்கிறது.

எந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் அச்சாகிறதோ அதே எழுத்துகளில் விசா விண்ணப்பத்தையும் டிக்கெட்டையும் போடுங்கள். அத்தான் அங்கிருந்து டிக்கெட் போடுவதாகச் சொன்னால், பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். தொலைபேசியில் பெயர் சொல்ல வேண்டாம்.

படத்தை எந்த ஸ்டூடியோவிலும் எடுக்க முடியாது. திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோக்கள் படத்தை நேரே ஒன்லைனில் அனுப்பிவிட்டு உங்களுக்கு ஒரு துண்டு தருவார்கள், அதைத்தான் விண்ணப்பத்தோடு கொண்டுபோக வேண்டும். விரல் ரேகை 16 வயதிலிருந்து 60 வரைக்கும் உள்ளவர்களுக்குத்தான். தோட்ட வேலை செய்து ரேகை தேய்ந்துபோன கையைப் பற்றி அம்மாவின் வயதுக்காரர்கள் கவலைப்படுவது உண்டு, அவருக்கு அந்தச் சோதனையே இல்லை. திணைக்களத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் பத்தரமுல்லை சுஹுருபாயவுக்கு வெள்ளவத்தையிலிருந்து போவதுதான் உங்களுக்கு இலேசு. அங்கே போகும் முன், அன்றைய முன்பதிவு முறையையும் கட்டணத்தையும் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே பாருங்கள். வாசலில் நிற்கும் புரோக்கரிடம் கேட்க வேண்டாம்.

மகளின் விடயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கிடைப்பது மூன்று வருடப் பாஸ்போர்ட். 16 முடிந்தால் பத்து வருடம். ஜூலையில் பிறந்தநாள், புரட்டாசியில் பயணம் என்றால் ஜூலை வரைக்கும் பொறுத்திருந்து பத்து வருடப் பாஸ்போர்ட் எடுப்பதுதான் கெட்டித்தனம். ஆனால் அதற்கு அடையாள அட்டை வேண்டும். 15 வயது முடிந்தாலே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், பாடசாலை அதிபர் ஊடாகக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை என்றால் நாளைக்கே அதிபரைப் பாருங்கள். ஜூன் நடுப்பகுதியிலும் அட்டை கைக்கு வரவில்லை என்றால் ஆசையை விட்டுவிட்டு, பிறந்தநாளுக்கு முன்பே மூன்று வருடப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டுவிடுங்கள். ஏழு வருடம் மிச்சம் பிடிக்கப் போய்ப் பயணத்தையே விடக்கூடாது.

எந்தப் பாஸ்போர்ட் என்றாலும் கணவரின் சம்மதக் கடிதத்தை இப்போதே எடுத்து வையுங்கள். கட்டாரில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி, மூலப் பிரதியை யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் தாளாகாது. 18 வயதுக்குக் குறைந்தவள் என்பதால் இந்திய விசாவுக்கும் பெற்றோரின் சம்மதம் கேட்பார்கள். உங்கள் பாஸ்போர்ட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்குக் குறையாத காலமும் இரண்டு வெற்றுப் பக்கங்களும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஈ-விசாவைக் குறைந்தது நான்கு நாளுக்கு முன் போட வேண்டும் என்பது விதி. நான் சொல்வது, இரண்டு வாரம் முன். இணையத்தில் தேடினால் இந்திய அரசின் தளம் மாதிரியே அலங்கரித்த பல தளங்கள் முன்னால் வந்து நிற்கும். அவை கட்டணத்தோடு தங்கள் பங்கையும் சேர்த்து வாங்கும், சிலதில் விசாவே வராது. முகவரி ஜிஓவி டொட் இன் என்று முடிந்தால்தான் உண்மையானது. விண்ணப்பத்தில் இந்தியாவில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் பெயர், முகவரி, தொலைபேசி கேட்பார்கள், அத்தானுடையதை எழுதுங்கள். கடந்த மூன்று வருடத்தில் எந்தெந்த சார்க் நாடுகளுக்குப் போனீர்கள் என்றும் ஒரு கேள்வி வரும். போயிருந்தால் போனேன் என்று எழுதுங்கள், மறைக்க அதில் ஒன்றுமில்லை. அனுமதி வந்ததும் அச்செடுத்து மூவருக்கும் இரண்டு பிரதிகள். தொலைபேசியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு சோனௌலியில் நிற்காதீர்கள், அங்கே சார்ஜ் இறங்கியிருக்கும்.

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறதே, அதில் போகலாமா என்று அம்மா கேட்டாலும் கேட்பார். 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கிய சேவை அது. எனக்கும் அதில் போக ஆசைதான். ஆனால் புரட்டாசி, ஐப்பசியில் கடல் ஒரே குணத்தில் இருக்காது, ஒரு நாள் பிந்தினால் கோஷ்டி ரயில் ஏறிவிடும். ஈ-விசா அந்தத் துறைமுகத்தில் செல்லுமா என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டி வரும். இந்தத் தடவை கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு விமானத்திலேயே போங்கள். கப்பலை இன்னொரு தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் தாள்களைத் தேடியெடுத்ததும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பழைய பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து பார்த்து எனக்கு எழுதுங்கள். இலக்கங்களை எழுத வேண்டாம், பெயரின் எழுத்துகள் மட்டும் போதும். சத்தியக் கடதாசியா, திருத்தமா என்று பார்த்துச் சொல்கிறேன்.